சோத்தாங்கைப் பக்கம் என்ன வருது?

திரையில் ஒரு நீல வட்டம். அதைச் சுற்றிச் சிவப்பு வளையம். நடுவில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. கீழே மூன்று விடைகள். மேல் மூலையில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன.

அந்தக் குறி எனக்குத் தெரிந்ததுதான். அதுதான் கொடுமை. ஒற்றைக் கோடு போட்டிருந்தால் ஒரு பொருள், பெருக்கல் போட்டிருந்தால் வேறு பொருள். ஒன்று, வண்டியை அங்கே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது. மற்றது, அங்கே நிற்கவே கூடாது என்பது. முந்தின நாள் முழுக்கப் படித்திருந்தேன். எது எதற்கு என்பது மட்டும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் கழன்று போய்விட்டது.

புதுக்கோட்டை ஆர்.டி.ஓ. ஆபீசில் பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். வாங்குவதற்கான கணினித் தேர்வு அது. எனக்குப் பதினெட்டு முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. இப்போது வீட்டிலிருந்தே எழுதிவிடலாம் என்கிறார்கள். எனக்கு அப்போது அந்த அறைதான் வாய்த்தது. கடகடவென்று சுற்றும் மின்விசிறி, மவுசுக்கு அடியில் ஒரு பழைய காலண்டர் அட்டை, பக்கத்து நாற்காலியில் வியர்வையும் பவுடரும் சேர்ந்து மணக்க ஒரு பையன். வாசலில், பாதிக் கதவை மறைத்துக்கொண்டு என் அம்மா.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் திரையைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள். உடம்போடு சேர்த்துத் தலையை முழுவதும் திருப்பி, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். அங்கே நின்ற ஊழியர், "அம்மா, தள்ளி நில்லுங்கம்மா. பரீட்சை எழுதுறது ஒங்க பொண்ணா, நீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

நான் நடுவில் இருந்த விடையை அமுக்கினேன்.

ஜெராக்ஸ் கடை ஆலோசனை

நடுவில் இருந்ததை ஏன் அமுக்கினேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு.

ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் அட்டையை நகலெடுத்தபடியே கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, "மொதத் தடவையா பாப்பா? பயப்படாத. தெரிஞ்சத தெரிஞ்சபடி அமுக்கு. தெரியாதது வந்தா நடுவுல உள்ளத அமுக்கு. நடுவுல உள்ளது கைவிடாது" என்றார். அவர் குரலில் அப்படியொரு நம்பிக்கை. எத்தனை பேரைத் தேற்றி அனுப்பியவரோ.

நடுவில் உள்ளது என்னைக் கைவிட்டது. அந்தக் கேள்வியில் மட்டுமல்ல, அடுத்து வந்த சிலவற்றிலும். தலைகீழ் முக்கோணம் ஒன்று வந்தது. வளைந்த அம்பு ஒன்று வந்தது. எல்லாக் குறிகளும் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள் போலத் தெரிந்தன. கடைசியில் திரை சிவப்பாக மாறியது. ஒரே ஒரு விடை குறைந்து, தேர்ச்சி இல்லை.

"பரவாயில்ல பாப்பா. இன்னொரு நாள் வந்து எழுதிக்க. இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்றார் ஊழியர்.

நான் அழவில்லையே என்று குழம்பித் திரும்பினேன். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வாசலில் அம்மாவின் கண்கள் நிறைந்திருந்தன.

அம்மா அழுது நான் பார்த்ததே அபூர்வம். தாத்தா இறந்தபோதுகூட வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தவள். ஒரு எல்.எல்.ஆருக்கு ஏன் அழுகிறாள்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த நாளில் எனக்கு விளங்காமல் போனவற்றில் அது முதலாவது.

வண்டியைத் தொடாதே

தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு சில வரிகள். அம்மாவின் பெயர் அருள்மேரி. ஆவூர்ப் பக்கம் பிறந்து, குன்றாண்டார்கோவில் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். கிராம சுகாதார செவிலியர். சுற்றுவட்டாரத்தில் 'நர்சம்மா' என்றால் அவள்தான். அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை. வீட்டில் நானும் அம்மாவும் ஒரு ஸ்கூட்டரும்.

அந்த ஸ்கூட்டர் அம்மாவுக்கு வண்டி மட்டுமல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் சைக்கிளில்தான் ஊர் ஊராகப் போயிருக்கிறாள். மழைக்காலத்தில் கண்மாய்க் கரையில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த கதையைச் சொல்வாள். பிறகு கடன் போட்டு ஒரு வண்டி வாங்கி, ஆவூர் மாதா கோயில் மைதானத்தில் ஓட்டப் பழகியிருக்கிறாள். பூசை முடிந்து வந்தவர்கள் வேலியோரம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்களாம். கோயில் உபதேசியார் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "மாதாவே, இந்தப் புள்ளையக் காப்பாத்து" என்று சத்தமாகவே வேண்டினாராம். அதில் சிரிப்பு வந்துதான் விழுந்தேன், இல்லாவிட்டால் விழுந்திருக்க மாட்டேன் என்பாள் அம்மா.

புதன்கிழமை தடுப்பூசி நாள். நீலநிறத் தடுப்பூசிப் பெட்டியைக் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு விடிந்ததும் கிளம்புவாள். நிறைமாதப் பெண்கள், குறைமாதப் பிள்ளைகள், சர்க்கரைக்கு மாத்திரை வாங்கும் பெரியவர்கள் என்று எல்லா வீட்டு வாசலிலும் அந்த வண்டிச் சத்தம் தெரியும். அதைக் கேட்டதும் ஓடி ஒளியும் பிள்ளைகளும் உண்டு.

அப்படிப்பட்டவள் என்னை மட்டும் வண்டியைத் தொட விடமாட்டாள். துடைப்பதற்குத் தொடலாம். சாவியைத் தொடக் கூடாது. "படிப்பு முடியட்டும். ரோட்டுல போறவன் எல்லாம் ஒன்ன நெனச்சிக்கிட்டா போறான்?" என்பாள். கல்லூரிக்குப் பேருந்தில்தான் போய் வந்தேன்.

அந்த அம்மாதான், என் பிறந்தநாள் கேக் தீரும் முன்பே, "திங்கக்கிழமை காலேசுக்கு லீவு சொல்லிரு. எல்.எல்.ஆர். போட்டுட்டு வந்துருவோம்" என்றாள்.

"எனக்கா?"

"பின்ன, எனக்கா?"

எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. ஏன் இந்த மாற்றம் என்று கேட்டால் மனதை மாற்றிக்கொள்வாளோ என்று பயந்து கேட்கவில்லை.

ஒரு விளையாட்டு

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே, ஞாயிறு பூசைக்கோ சந்தைக்கோ அவள் பின்னால் உட்கார்ந்து போகும்போது அம்மா என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தாள்.

"சோத்தாங்கைப் பக்கம் என்ன வருது?"

"ஒரு மாட்டு வண்டிம்மா."

"தூரமா, கிட்டயா?"

"தூரம்."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "அங்கிட்டு என்ன வருது?"

"பஸ்ஸு. போயிருச்சு. இப்ப ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

எனக்கு அந்த விளையாட்டு பிடித்திருந்தது. நாளைக்கு நான் வண்டி ஓட்டும்போது சாலையைக் கவனிக்க வேண்டும் என்று இப்போதே பழக்குகிறாள் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனதுக்குள் என்னை நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்று பெருமையாக இருந்தது. அவள் கேட்கும் முன்பே, "சோத்தாங்கைப் பக்கம் ஆட்டுக் கூட்டம்" என்று அறிவிப்பேன். "ம்" என்பாள். அந்த 'ம்'முக்காகவே பார்த்துப் பார்த்துச் சொல்வேன்.

இடது பக்கத்தைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

தைலமரக் காட்டு விலக்கு

தேர்வில் தோற்று வெளியே வந்ததும் அம்மா வண்டியை எடுத்தாள். நான் ஏறினேன். அவள் திரும்பிப் பார்க்காமலே கிளம்பினாள்.

அவள் கோபம் எனக்குப் புரியவில்லை. ஒரு மதிப்பெண்தானே? இன்னொரு நாள் எழுதினால் போயிற்று. கல்லூரியில் அரியர் வைத்தபோதுகூட இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லையே. எனக்கும் ரோஷம் வந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் முதுகில் படாமல் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

வெயில் ஏறியிருந்தது. டவுனைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் தைலமரக் காடு. காய்ந்த இலைகள் சூடாகி மருந்து மாதிரி மணந்தன. அம்மா வழக்கமாகக் கேட்கும் கேள்வியை அன்றைக்குக் கேட்கவில்லை. நானும் எதையும் அறிவிக்கவில்லை.

எங்கள் ஊருக்குப் பிரியும் சாலை வலது பக்கம் இருக்கிறது. அந்த விலக்கு வந்ததும் அம்மா வேகத்தைக் குறைத்தாள். இண்டிகேட்டர் போட்டாளா என்று எனக்கு நினைவில்லை. தலையைத் திருப்பினாள். ஆனால் தலை திரும்பி முடிவதற்குள் வண்டி திரும்பத் தொடங்கிவிட்டது.

எங்களை ஒட்டி வலது பக்கம் ஒரு மொபெட் வந்துகொண்டிருந்தது. ஒளிந்து வரவில்லை. கைநீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், பட்டப்பகலில், மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் ஓட்ட, முன்னால் ஒரு சின்னப் பையன் நின்றுகொண்டு வந்தான். எனக்கு அந்தச் சேலைக் கரைகூடத் தெரிந்தது. அம்மாவுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று நினைத்ததால்தான் ஒரு கணம் வாய் திறக்காமல் இருந்தேன்.

"அம்மா!"

ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பார் உரசியது. மொபெட் அந்தப் பக்கம் மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. நாங்கள் இந்தப் பக்கம் சாய்ந்தோம். வேகம் இல்லாததால் விழுந்தது என்பதைவிட உட்கார்ந்தது என்றே சொல்லலாம். என் முழங்கை தேய்ந்து எரிந்தது. பையன் வீறிட்டான்.

அந்தப் பெண் எழுந்ததும் எழாததுமாகக் கத்தினாள். "ஏய், கண்ணு தெரியல ஒனக்கு? புள்ளைய வச்சிக்கிட்டு வாரேன், இப்படியா திருப்புவ? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

அம்மா ஹெல்மெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகப் பையனிடம் ஓடினாள். தலையைத் தடவினாள், கைகால்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள், கண்ணை விரித்துப் பார்த்தாள். அவன் என் அம்மாவின் முகத்தை அடையாளம் கண்டுகொண்டு, ஊசி போடப் போகிறாள் என்று இன்னும் சத்தமாக அழுதான். முட்டியில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை.

அந்தப் பெண்ணும் அப்போதுதான் பார்த்தாள். குரல் அப்படியே இறங்கிவிட்டது.

"ஐயையோ, நர்சம்மாவா! ஆளு தெரியாமப் பேசிப்புட்டேனே. தப்பா எடுத்துக்காதீங்க. நான்தான் ஆரன் அடிக்காம ஒட்டி வந்துட்டேன்."

அவள் பெயர் செல்வி. பக்கத்துச் சிற்றூர்க்காரி. இந்தப் பையனுக்குப் பிறந்ததிலிருந்து தடுப்பூசி போட்டது அம்மாதான்.

அம்மா 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். பழியைச் செல்வியே ஏற்றுக்கொண்டாள், பார்த்தவர் யாருமில்லை. ஆனால் அம்மா பையனின் முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"இல்ல செல்வி. நீ சரியாத்தான் வந்த. நீ கேட்டதுதான் நெசம். எனக்கு இங்கிட்டு கண்ணு தெரியல."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் செல்வியைப் பார்த்தேன். அம்மா ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்று இருவரும் நினைத்தோம் போலிருக்கிறது. அம்மா வலது கண்ணோரம் கையை விரித்துக் காட்டினாள். "இந்தா, இதுக்கு அங்கிட்டு ஒண்ணும் இல்ல. இருட்டுன்னுகூடச் சொல்ல முடியாது. ஒண்ணுமே இல்ல."

யார் ஓட்டுவது?

வண்டியை நிமிர்த்தினோம். கண்ணாடி ஒரு பக்கம் திரும்பியிருந்தது. மற்றபடி ஓடும். சாவியும் அதிலேயே இருந்தது. வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அந்தச் சாவியை இரண்டு பேரும் பார்த்தபடி நின்றோம்.

"நான் ஓட்டுறேன், ஏறும்மா" என்றேன்.

"ஒனக்கு எங்க ஓட்டத் தெரியும்?"

"தெரியும். ஜெயந்தி வண்டியில பழகிட்டேன். காலேஜ் கிரவுண்டுல."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "எப்ப இருந்து?"

"போன வருசத்துல இருந்து."

அந்த நேரத்திலும் அவளுக்குக் கோபம் வந்ததைப் பார்த்தேன். அடக்கிக்கொண்டு, "எல்.எல்.ஆர். இல்லாம நீ ரோட்டுல ஓட்டக் கூடாது ஜெனி" என்றாள்.

"கண்ணு இல்லாம நீ மட்டும் ஓட்டலாமா?"

சொல்லியே விட்டேன். தைலமரக் காட்டுக்குள் ஏதோ பறவை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. செல்வி பையனைத் தூக்கிக்கொண்டு, எங்களுக்குக் கேட்காத மாதிரி மொபெட் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா வண்டியிலிருந்து சாவியை உருவினாள். "கூடாதுதான்" என்றாள்.

ஓட்டலாம் என்ற சீட்டு வைத்திருப்பவளுக்குப் பார்வை இல்லை. பார்வை உள்ளவளிடம் சீட்டு இல்லை. செல்விதான் வழி சொன்னாள். "எங்க வீட்டுல வண்டிய விட்டுட்டு பஸ்ஸுல போங்க நர்சம்மா. கூப்பிடு தூரந்தான். நான் ஒரு கை பிடிக்கிறேன்." மூன்று பெண்களும் முறை வைத்து இரண்டு வண்டிகளையும் தள்ளிக்கொண்டு போனோம். பையன் அழுகையை நிறுத்திவிட்டு ஸ்கூட்டர் சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தான்.

டவுன் பஸ்ஸில்

பேருந்தில் அம்மா ஜன்னலோரம் என்னை உட்காரச் சொன்னாள். பிறகு, "இல்ல, நீ இங்கிட்டு வா" என்று தனக்கு வலது பக்கமாக மாற்றி உட்கார வைத்தாள். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் சில மாதங்களாக அவள் அப்படித்தான் செய்துவந்தாள். எனக்கு அது பழக்கமாகியிருந்தது. அன்றைக்குத்தான் ஏன் என்று தெரிந்தது.

நான் கேட்காமலே சொன்னாள். சில மாதங்களுக்கு முன் அவள் பகுதிப் பெரியவர்களைக் கண் பரிசோதனை முகாமுக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். எல்லோருக்கும் பார்த்து முடித்த டாக்டர், "சிஸ்டர், நீங்களும் உக்காருங்க, பாத்துருவோம்" என்றாராம். விளையாட்டாக உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் பக்கவாட்டில் விரலை ஆட்டி, எத்தனை விரல் என்று கேட்டிருக்கிறார். "விரலைக் காட்டுங்க சார், சொல்றேன்னேன். அவரு காட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்காரு."

கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாராம். அம்மா போகவில்லை.

"ஏம்மா? எத்தன பேர நீயே மிரட்டிக் கூட்டிட்டுப் போற?"

அம்மா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சொட்டு மருந்து குடுப்பாங்க. வீட்டுல இருந்தா நீ பாப்ப. என்னன்னு கேப்ப. சொன்னா வண்டிய எடுக்க விடமாட்ட. ஒனக்குப் பதினெட்டு ஆகற வரைக்கும் சமாளிச்சிட்டா, நீ எல்.எல்.ஆர். எடுத்துருவ, அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். நாளை எண்ணிக்கிட்டே கெடந்தேன் ஜெனி. நீ இன்னைக்கு ஃபெயில்னு வந்ததும் எனக்கு..."



எனக்கு என்ன தோன்றியது என்று இன்றுவரை கோவையாகச் சொல்லத் தெரியவில்லை. பாவமாக இருந்தது. அந்த மூன்று வயதுப் பையனை நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிற மாதிரி கோபம் வந்தது. இதற்கிடையில் மிக அற்பமான ஒரு வருத்தமும் இருந்தது. அவள் எனக்குச் சாலையைப் பார்க்கக் கற்றுத்தரவில்லை. அவளுக்குப் பதிலாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை நாள் நான் வாங்கிச் சேர்த்த 'ம்'களை எதில் வைப்பது என்று தெரியவில்லை.

"நாளைக்கே ஆஸ்பத்திரி போறோம்" என்றேன்.

"புதன்கிழமை ஊசி நாளு முடியட்டும்..."

"நாளைக்கே."

"சரி" என்றாள். அம்மா என்னிடம் அப்படிச் 'சரி' சொன்னது அதுதான் முதல் முறை. அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

திருப்பிக் கொடுக்க வந்தவள்

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "போன பார்வை போனதுதான். வராது. இருக்கறதக் காப்பாத்தலாம். ஒழுங்கா மருந்து விட்டா இதோட நிக்கும்." அம்மா தானே போய் மருத்துவ அலுவலரிடம் சொன்னாள். அவர் திட்டிவிட்டு, வேலை போகாது என்றும் சொல்லி அனுப்பினார். சிங்கப்பூருக்கு அம்மாவே பேசினாள். அப்பா, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார்.

மறுபடி ஆர்.டி.ஓ. ஆபீஸ். இந்த முறை பேருந்தில். ஜெராக்ஸ் கடைப் பக்கம் நான் திரும்பவே இல்லை. பெருக்கல் குறி அன்றைக்கு வரவில்லை. வந்த குறிகளில் சிலவற்றுக்கு இப்போதும் சந்தேகத்தோடுதான் விடை சொன்னேன். ஆனால் திரை பச்சையானது.

வெளியே வந்தால் அம்மாவைக் காணவில்லை. தேடினால் ஒரு கவுண்டரில் நிற்கிறாள். கண்ணாடித் துளைக்குள் தன் டிரைவிங் லைசென்ஸை நீட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் வேலிடிட்டி இருக்கேம்மா. ரினீவல் இப்பத் தேவையில்ல."

"ரினீவல் இல்ல சார். திருப்பிக் குடுக்க வந்தேன்."

"திருப்பியா? எதுக்கு?"

"கண்ணு ஒரு பக்கம் தெரியல."

அவர் பேனாவை வைத்தார். "எல்லாரும் வாங்கத்தாம்மா வருவாங்க. திருப்பிக் குடுக்கணும்னு ஒருத்தரும் என்கிட்ட வந்ததில்ல. எனக்கே என்ன செய்யறதுன்னு கேட்டுத்தான் சொல்லணும். நீங்க வீட்டுல வச்சுக்கங்களேன். ஓட்டாம இருந்தாப் போச்சு."

"வச்சிருந்தா ஓட்டிருவேன் சார்" என்றாள் அம்மா.

 அவர் அம்மாவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். என் கையிலிருந்த தாளைக் கவனித்து, "பொண்ணுக்கு எல்.எல்.ஆரா?" என்றார். "அப்ப ஒரு சிக்கல் இருக்கு. அது பழகறப்பப் பின்னாடி லைசென்ஸ் உள்ளவங்க ஒருத்தர் உக்காரணும். வீட்டுல வேற யார்கிட்ட இருக்கு?"

எங்கள் வீட்டில் வேறு யாரிடமும் இல்லை.

அவர் நெற்றியைத் தேய்த்தார். கடைசியில் லைசென்ஸை அம்மாவிடம் கொடுக்காமல் என் பக்கம் தள்ளினார். "பொண்ணு பக்கா லைசென்ஸ் எடுக்கற வரைக்கும் இது அதுகிட்டயே இருக்கட்டும். அப்புறம் ரெண்டு பேருமா வாங்க. அதுக்குள்ள நானும் கேட்டு வைக்கிறேன்."

பார்வை குறைந்தவள் பயிற்சி கொடுப்பவள், பார்வை உள்ளவள் பழகுபவள். இது சரியா தப்பா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. லைசென்ஸை என் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். அதிலிருந்த படத்தில் அம்மா எனக்கு அடையாளமே தெரியாத அளவுக்கு இளமையாக, இரண்டு கண்ணையும் அகல விரித்துக்கொண்டு இருந்தாள்.

ஒரு புதன்கிழமை

செல்வி வீட்டிலிருந்து வண்டியை எடுத்து வந்தோம். முன்னாலும் பின்னாலும் சிவப்பில் 'எல்' எழுதி ஒட்டினேன். கல்லூரி விடுமுறை தொடங்கியிருந்த நேரம். புதன்கிழமை தடுப்பூசிப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நான் ஓட்ட, அம்மா பின்னால் உட்கார்ந்தாள்.

போகும்போது என் தோளை விடவே இல்லை. "மெதுவா", "பள்ளம்", "ஆரன் அடி" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு ஊரிலும் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். "என்ன நர்சம்மா, டிரைவர் வச்சிட்டீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, சம்பளம் இல்லாத டிரைவரு" என்றாள் அம்மா. பிறகு, அவர்கள் கேட்காமலேயே, கண்ணைக் காட்டி விஷயத்தையும் சொன்னாள். நாற்பது தாண்டியவர்கள் எல்லாம் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வர வேண்டும் என்று அங்கேயே மிரட்டினாள்.

திரும்பும்போது பெட்டி காலியாகி லேசாக இருந்தது. பின்மதியம். வெயில் தணிந்து, தைலமரங்களுக்கிடையே காற்று வந்தது. எனக்குக் கை கொஞ்சம் பழகியிருந்தது.

அம்மா சொல்லிக்கொண்டு வந்தவை குறைந்தன. பிறகு நின்றுபோயின. என் முதுகு திடீரென்று கனத்தது. என்னவோ ஏதோவென்று பயந்து வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் பார்த்தேன். அம்மாவின் ஹெல்மெட் என் தோளில் சாய்ந்திருந்தது. இரண்டு கைகளும் என் இடுப்பைச் சுற்றிக் கோத்திருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது.

தூங்கிக்கொண்டிருந்தாள்.

எத்தனை மாதமாக அந்தச் சாலையில் ஒற்றைப் பக்கத்தைக் கொண்டு இரண்டு பக்கத்தையும் பார்க்கப் போராடிக்கொண்டு போனாளோ. எழுப்ப வேண்டுமா, நிறுத்த வேண்டுமா, பழகுநரின் பின்னால் உட்கார்ந்திருப்பவர் தூங்கலாமா என்றெல்லாம் குழம்பினேன். நான் படித்த எந்தக் குறியிலும் அதற்குப் பதில் இல்லை. ஒரு கையால் அவள் கோத்திருந்த விரல்களை அழுத்திப் பார்த்துக்கொண்டேன். பிடி இறுக்கமாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர் விலக்கு வந்தது. திருப்பினால் விழித்துக்கொள்வாள் என்று நான் திருப்பவில்லை. முன்னால் போன ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டு வண்டி வேகத்தில், நேராகப் போய்க்கொண்டே இருந்தேன்.